பிரித்தானியாவில் அசைலம் மேன்முறையீடு: நீதிபதி கேட்கும் கேள்விகளும் அதற்கேற்பத் தயாராகும் வரிசையும்

ஹோம் ஒஃபிஸ் (பிரித்தானிய உள்துறை அமைச்சு) அசைலம் என்ற புகலிடக் கோரிக்கையை மறுத்த பிறகு பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் வேலை, நடந்த கதையை மறுபடி முழுதாக எழுதிக் கொடுப்பது. நீதிபதிக்குத் தேவைப்படுவது அதுவல்ல. அவர் முன்னால் குறிப்பிட்ட சில கேள்விகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் தனி அளவுகோல் உண்டு. உங்கள் கையிலுள்ள ஒவ்வொரு தாளும் எந்தக் கேள்விக்குப் பதில் என்று தெரியாமல் 400 பக்கம் கொடுத்தாலும் அது பாரம்தான்.

இந்த வழிகாட்டி முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் குடிவரவு, புகலிடப் பிரிவில் நடக்கும் மேன்முறையீட்டைப் பற்றியது. எடுத்துக்காட்டுகள் இலங்கைத் தமிழர் வழக்குகளிலிருந்து வருகின்றன. பிரித்தானியப் புகலிடச் சட்டத்தின் முக்கியத் தீர்ப்புகளில் பல அவர்களுடைய வழக்குகளில்தான் பிறந்தன.

1. கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 14 நாள்

பிரித்தானியாவுக்குள் இருப்பவருக்கு, மறுப்புக் கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் மேன்முறையீடு பதிவாக வேண்டும். கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணக்கூடாது. தவறு அதிகம் நடப்பது இங்கேதான். வீடு மாறி, கடிதம் பழைய முகவரியில் கிடந்து, நண்பர் எடுத்துக் கொடுக்கும்போது 10 நாள் போயிருக்கும்.

கடிதம் வந்த உறையை வீசாதீர்கள். மின்னஞ்சலில் வந்திருந்தால் அது வந்த நேரம் தெரியும்படி சேமித்து வையுங்கள். நாள் கடந்துவிட்டால் கைவிடத் தேவையில்லை. அதே விண்ணப்பத்தில் கால நீட்டிப்புக் கேட்டு, தாமதத்தின் காரணத்தை ஆதாரத்தோடு எழுதலாம். ஆனால் "சொலிசிட்டர் கிடைக்கவில்லை" என்ற ஒரு வரி போதாது. எந்தெந்த நாளில் யாரிடம் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று காட்ட வேண்டும்.

விண்ணப்பத்தில் மேன்முறையீட்டுக் காரணங்களைக் குறிக்கும் இடத்தில் அகதிகள் உடன்படிக்கை, மனிதாபிமானப் பாதுகாப்பு (அகதி வரைவிலக்கணத்துக்குள் வராதவருக்கும் கடும் தீங்கின் ஆபத்து இருந்தால் கிடைப்பது), மனித உரிமை ஆகியவற்றில் உங்களுக்குப் பொருந்துவது எதையும் விட்டுவிடாதீர்கள். இவற்றுக்கு ஆதார அளவு ஒன்றல்ல. ஒன்றில் தோற்றவர் மற்றொன்றில் வெல்ல முடியும்.

அரச சட்ட உதவியில் இருப்பவர்களுக்கும், அசைலம் சப்போர்ட் (புகலிடம் கோருபவருக்கு அரசு தரும் உதவி) பெறுபவர்களுக்கும் கட்டணம் இல்லை. ஆலோசனை தருபவர் சொலிசிட்டரா, அல்லது குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவானவரா என்று முதலில் பாருங்கள். பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை தருவது இங்கே குற்றம். கடைப் பின்னறையில் கடிதம் எழுதிக் கொடுப்பவர் உங்கள் வழக்கில் செய்யும் பிழைக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

2. எழுதத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கீழே உள்ளவை எல்லாம் வந்து சேரும்வரை வாக்குமூலத்தில் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

முதல் பதிவு நேர்காணலின் பிரதி. முழு நேர்காணலின் எழுத்துப் பிரதியும் ஒலிப்பதிவும். நேர்காணலுக்கு முன் நிரப்பிய கேள்விக்கொத்து. மறுப்புக் கடிதம். விசா விண்ணப்பம் ஏதாவது செய்திருந்தால் அதன் பிரதி. உங்கள் ஜீபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) இருக்கும் முழு மருத்துவப் பதிவு.

கடைசி இரண்டையும் பலர் மறக்கிறார்கள். மாணவர் விசா விண்ணப்பத்தில் "2016 முதல் 2018 வரை கொழும்பில் வேலை" என்று முகவர் நிரப்பியிருப்பார். அதே காலத்தில் தடுப்பில் இருந்ததாக இப்போது சொல்வீர்கள். ஹோம் ஒஃபிஸிடம் அந்த விண்ணப்பம் இருக்கிறது. விசாரணை நாளில் அதை அவர்கள் எடுத்து நீட்டும்போது முதன்முறையாகப் பார்ப்பவர் தடுமாறுவார். முன்பே பார்த்தவர், யார் நிரப்பினார், ஏன் அப்படி எழுதினார் என்று வாக்குமூலத்திலேயே சொல்லியிருப்பார்.

ஜீபி பதிவும் அப்படித்தான். முதுகுத் தழும்பைப் பற்றி 2021-இல் வைத்தியரிடம் "விபத்து" என்று சொல்லியிருந்தால் அது அங்கே இருக்கும். பயத்தில் சொன்னீர்களா, மொழிபெயர்க்க வந்த உறவினர் முன்னால் வெட்கத்தில் சொன்னீர்களா என்பதை நீங்களே முந்திக்கொண்டு விளக்க வேண்டும்.

நேர்காணல் பிரதியில் பிழை இருந்தால் வழக்கமாக 5 வேலை நாளுக்குள் திருத்தம் அனுப்ப வாய்ப்புண்டு. அது கடந்திருந்தாலும் ஒலிப்பதிவைக் கேட்டு, எத்தனையாவது கேள்வி, எந்த நிமிடம், என்ன பிழை என்று குறித்து வையுங்கள். "மொழிபெயர்ப்பாளர் சரியில்லை" என்ற பொதுப்புகாரை எந்த நீதிபதியும் ஏற்பதில்லை. "72-ஆம் கேள்வியில் நான் சொன்னது சித்தப்பாவின் மகன், எழுதப்பட்டது சகோதரன்" என்றால் ஒலிப்பதிவை வைத்துச் சரிபார்க்க முடியும்.

3. நீதிபதியின் கேள்விகளும் அவற்றின் வரிசையும்

நீங்கள் எந்த நாளில் கோரிக்கை வைத்தீர்கள் என்பதைப் பொறுத்து அளவுகோல் மாறும். எல்லைக்கோடு 2022 யூன் 28.

அதற்கு முன் வைத்த கோரிக்கைக்கு முழுவதும் தாழ்ந்த அளவுகோல்தான்: "நியாயமான சாத்தியம்" இருந்தால் போதும். பிரபுக்கள் சபை 1988-இல் சிவகுமாரன் வழக்கில் வகுத்தது இது. 2000-இல் கருணாகரன் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. ஒவ்வொரு சம்பவத்தையும் தனியாக எடுத்து "நடந்தது, நடக்கவில்லை" என்று வெட்டி எறியக்கூடாது, ஐயத்துக்கு இடமானவற்றையும் சேர்த்து மொத்தமாக எடைபோட வேண்டும் என்றது. இரண்டும் இலங்கைத் தமிழர் தொடர்ந்த வழக்குகள்.

அன்றும் அதன் பிறகும் வைத்த கோரிக்கைக்கு 2022 தேசியம், எல்லைகள் சட்டத்தின் 32-ஆம் பிரிவு பொருந்தும். அதை எந்த வரிசையில் கையாள வேண்டும் என்று 2024-இல் ஜேசிகே என்ற பொட்ஸ்வானா வழக்கில் மேல் தீர்ப்பாயம் விளக்கியது. சுருக்கமாக இப்படி:

முதல் கேள்வி: துன்புறுத்தலுக்குக் காரணமாகக்கூடிய இனம், மதம், தேசியம், சமூகக்குழு, அரசியல் கருத்து ஆகியவற்றில் ஒன்று உங்களிடம் இருக்கிறதா, அல்லது இருப்பதாக உங்கள் மீது ஏற்றப்பட்டிருக்கிறதா? இரண்டாவது: அதன் காரணமாக உண்மையிலேயே நீங்கள் அஞ்சுகிறீர்களா? இந்த இரண்டுக்கும் "இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே அதிக வாய்ப்பு" என்ற உயர்ந்த அளவுகோல்.

மூன்றாவது: திரும்பினால் துன்புறுத்தப்படும் நியாயமான சாத்தியம் உண்டா? நான்காவது: அரசு பாதுகாக்குமா? ஐந்தாவது: நாட்டின் வேறு பகுதியில் பாதுகாப்பாக வாழ முடியுமா? இவற்றுக்குப் பழைய தாழ்ந்த அளவுகோலே.

இதில் புதியவர்கள் இடறுவது ஒரு நுட்பமான இடத்தில். முன்பு நடந்த ஒவ்வொரு சம்பவத்தையும் உயர்ந்த அளவுகோலில் நிரூபித்தே ஆகவேண்டும் என்று ஹோம் ஒஃபிஸ் கடிதம் சில நேரம் எழுதும். சட்டம் முதல் கட்டத்தில் கேட்பது அந்த இரண்டு விடயங்களை மட்டும்தான். உங்கள் தரப்பு வாதத்தில் இந்த வேறுபாட்டை எழுத்தில் காட்டுங்கள்.

மனிதாபிமானப் பாதுகாப்புக்கும், சித்திரவதையைத் தடை செய்யும் மனித உரிமை உடன்படிக்கையின் 3-ஆம் உறுப்புரைக்கும் இந்த இரட்டை அளவுகோல் இல்லை. "மெய்யான ஆபத்து" இருந்தால் போதும். முதல் பிரிவில் இந்தக் காரணங்களையும் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

துன்புறுத்துவது அரசே என்றால் நான்காவது, ஐந்தாவது கேள்விகள் பெரும்பாலும் தாமாகவே விழுந்துவிடும். இலங்கை அதிகாரிகளால் ஆபத்து உள்ளவருக்கு நாட்டுக்குள் வேறிடம் போவது தீர்வல்ல என்று 2013-இல் இலங்கை பற்றி வந்த ஜீஜே என்ற வழிகாட்டித் தீர்ப்பே சொல்லிவிட்டது. ஆனால் கடன்காரர், உறவினர், ஆயுதக்குழு போன்றவர்களால் ஆபத்து என்றால் இந்த இரண்டு கேள்விகளில்தான் வழக்கு தோற்கும். அப்படிப்பட்டவர்கள் தயாரிப்பின் பெரும்பகுதியை அங்கே செலவிட வேண்டும்.

4. சொல்வதை நம்பலாமா என்பதை எப்படிப் பார்க்கிறார்கள்

நீதிபதிகள் நான்கு அளவைகளை வைத்துப் பார்ப்பது வழக்கம். 2017-இல் கேபி, ஏஎச் என்ற பாகிஸ்தான் வழக்கு இவற்றை ஒழுங்குபடுத்தியது: போதிய விவரம், சொன்னவற்றுக்குள் ஒத்திசைவு, வெளி ஆதாரத்தோடு ஒத்திசைவு, நடந்திருக்கக்கூடிய தன்மை. இது ஒரு வழிகாட்டல்தான், புள்ளி போடும் அட்டவணை இல்லை.

விவரம் என்றால் நீளம் இல்லை. "என்னைச் சித்திரவதை செய்தார்கள்" என்பதற்கும், எந்த முகாமுக்கு எந்தப் பக்கத்தால் ஏற்றிச் சென்றார்கள், கண் கட்டியிருந்ததா, அறையில் வேறு யார் இருந்தார்கள், என்ன மொழியில் கேட்டார்கள், எந்தப் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்று சொல்வதற்கும் இடையில் நம்பகத்தில் பெரிய தூரம் இருக்கிறது. அங்கே இருந்த ஒருவருக்கு மட்டுமே தெரியக்கூடிய சிறு விவரம் ஒன்று, பத்துப் பக்கப் பொதுவரலாற்றைவிடப் பெறுமதியானது.

முரண்பாட்டில் எல்லாம் ஒரே எடையில்லை. முதல் பதிவு நேர்காணல் சுருக்கமானது. பயணக் களைப்போடு, சில நேரம் தொலைபேசி மொழிபெயர்ப்பில் நடப்பது. அங்கே சொல்லாமல் விட்டதை வைத்து மட்டும் பொய் என்று முடிவெடுக்கக்கூடாது என்பதற்கு 2004-இன் வைஎல் என்ற சீன வழக்கு துணை. ஆனால் அங்கே நேர்மாறாகச் சொன்னது வேறு கதை. "ஒருபோதும் கைது செய்யப்படவில்லை" என்று பதிவாகியிருந்தால் அதற்குத் தனி விளக்கம் வேண்டும்.

2004-ஆம் ஆண்டுப் புகலிட, குடிவரவுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவும் வரும். போலிக் கடவுச்சீட்டு, பிரான்ஸ் வழியாக வந்தும் அங்கே கேட்காதது, குடிவரவு முடிவு வந்த பிறகோ கைதான பிறகோதான் கேட்டது போன்றவை நம்பகத்தைக் குறைக்கலாம் என்கிறது அது. 2008-இல் ஜேடி என்ற கமரூன் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம், இதை மொத்த மதிப்பீட்டில் ஒரு காரணியாக எடுக்கலாம், இதிலிருந்தே தொடங்கி மற்றதை எல்லாம் அடித்து நொறுக்கக்கூடாது என்றது. ஆகவே தாமதத்துக்குக் காரணம் சொல்லுங்கள். மாணவர் விசா முடியும்வரை ஆபத்து இல்லை என்று நினைத்தீர்களா, வீட்டுக்குப் புலனாய்வாளர் வந்த பிறகுதான் பயந்தீர்களா, அந்த வருகை எந்த மாதம்?

5. வாக்குமூலம்: மறுப்புக் கடிதத்தின் பந்தி எண்ணோடு

வாக்குமூலத்தை இரண்டு பகுதியாக எழுதுங்கள். முதல் பகுதி கால வரிசைப்படி நடந்தவை. இரண்டாம் பகுதி மறுப்புக் கடிதத்தின் ஒவ்வொரு பந்திக்கும் பதில்.

இரண்டாம் பகுதி ஏன் தேவை? மறுப்புக் கடிதத்தில் எழுப்பிய ஒரு குறைக்கு வாய்ப்பிருந்தும் பதில் சொல்லாவிட்டால், பதில் இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்காட்டாக, கிளிநொச்சியில் 2018-இல் கைதான ஒருவர் முதல் பதிவில் "இரண்டு கிழமை" என்றும் முழு நேர்காணலில் "பத்து நாள்" என்றும் சொல்லியிருக்கிறார். கடிதத்தின் 23-ஆம் பந்தி இதைக் குறை சொல்கிறது. பதில் இப்படி இருக்கலாம்: "பந்தி 23: அறையில் ஜன்னல் இல்லை. பகல் இரவு தெரியவில்லை. வெளியே வந்தபின் அம்மா சொன்ன நாளை வைத்துத்தான் கணக்குப் பார்த்தேன். முதல் பதிவில் உத்தேசமாகச் சொன்னேன்." அது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். குறுக்கு விசாரணையில் அடுத்த கேள்வியே "அம்மா எந்த நாள் என்று சொன்னார்?" என்பதுதான்.

திகதி நினைவில்லாவிட்டால் நினைவில்லை என்று எழுதுங்கள். ஊகித்து எழுதும் திகதிதான் பிறகு முரண்பாடாகத் திரும்பி வரும். உறுதியாகத் தெரிந்த ஒன்றோடு கட்டி வையுங்கள்: 2009 மே 18-க்கு முன்னா பின்னா, ஓமந்தையைக் கடந்த அன்றா, மெனிக் பாமில் இருந்தபோதா, 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகா, நவம்பர் 27-க்குக் கிட்டவா.

நீங்கள் சொல்லும் தமிழில் அது எழுதப்பட வேண்டும், பிறகு ஆங்கிலமாக வேண்டும். கையெழுத்திடும் முன் முழுவதும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சொலிசிட்டர் அலுவலகத்தில் அவசரமாக இருக்கிறார்கள் என்று இதை விட்டுவிட்டவர்கள், தாம் சொல்லாத ஒரு வரிக்காகச் சாட்சிக் கூண்டில் நின்று திணறுகிறார்கள்.

6. மருத்துவ அறிக்கை

தழும்பு இருப்பவருக்கு இதுவே பெரும்பாலும் வழக்கின் முதுகெலும்பு. எனவே இதில் நேரம் செலவிடுங்கள்.

மருத்துவர், சித்திரவதைக் காயங்களை ஆவணப்படுத்தும் சர்வதேச வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறையின்படி எழுத வேண்டும். ஒவ்வொரு தழும்பையும் ஐந்து படிகளில் ஒன்றில் வைக்க வேண்டும்: பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, இந்தக் காயத்துக்கே உரிய தோற்றம், வேறு எதனாலும் வராதது. "பொருந்துகிறது" என்றால் வேறு பல காரணங்களாலும் வந்திருக்கலாம் என்று பொருள். அதை மட்டும் வைத்து வெல்வது கடினம். தனித்தனித் தழும்பைவிட எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் மொத்த மதிப்பீடு முக்கியம் என்று நெறிமுறையே சொல்கிறது. அந்த மொத்த மதிப்பீட்டுப் பந்தி அறிக்கையில் இல்லையென்றால் திருப்பி அனுப்பிக் கேளுங்கள்.

மருத்துவர் மாற்றுக் காரணங்களையும் பார்த்து, ஏன் அவை பொருந்தவில்லை என்று எழுதியிருக்க வேண்டும்: அடுப்படிச் சூடு, விபத்து, ஷெல் காயம், தானே இட்டுக்கொண்டது. நோயாளி சொன்னதை அப்படியே திரும்ப எழுதிய அறிக்கைக்கு எடை குறைவு. ஆண்டுகள் கடந்த தழும்பின் வயதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. "2018-இல் ஏற்பட்டது" என்று உறுதியாக எழுதும் அறிக்கை அந்த ஒரு வரியாலேயே நம்பிக்கையை இழக்கும்.

தமிழர் வழக்குகளில் ஹோம் ஒஃபிஸ் முன்வைத்த ஒரு வாதம், புகலிடம் பெறுவதற்காக மயக்கத்தில் வேறொருவரைக் கொண்டு சூடு வைத்துக்கொண்டார் என்பது. கையிலும் முதுகிலும் காய்ச்சிய கம்பித் தழும்புகளோடு வந்த கேவி என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-இல் இதைத் தொட்டது. இப்படித் தாமே ஏற்பாடு செய்துகொள்ளும் காயங்களுக்கு ஆதாரம் மிக அரிது என்பதையும், காயம் எப்படி ஏற்பட்டது என்ற கூற்றோடு தழும்பு எவ்வளவு பொருந்துகிறது என்று கருத்துச் சொல்லும் உரிமை மருத்துவருக்கு உண்டு என்பதையும் அந்தத் தீர்ப்பு நிறுவியது. கடிதத்தில் அந்த வாதம் இருந்தால் இந்தத் தீர்ப்பை வாதத்தில் சேர்க்காமல் விடாதீர்கள்.

இன்னொன்று வரிசை பற்றியது. நீதிபதி முதலில் "இவர் பொய் சொல்கிறார்" என்று முடிவுகட்டிவிட்டு, "ஆகவே மருத்துவ அறிக்கையும் உதவாது" என்று எழுதினால் அது சட்டப் பிழை. 2005-இன் மிபங்கா தீர்ப்பு, மருத்துவ ஆதாரத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகே நம்பகத்தை முடிவு செய்ய வேண்டும் என்கிறது. தோற்ற தீர்ப்பைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மன அழுத்தம், நினைவு இழப்பு இருந்தால் உளவியல் அறிக்கை தனியாக வேண்டும். அது இரண்டு வேலை செய்யும்: முரண்பாடுகளுக்கு விளக்கம், விசாரணை நாளில் சலுகைகளுக்கு ஆதாரம்.

7. இலங்கையிலிருந்து வரும் ஆவணங்கள்

ஆவணம் போலி என்று ஹோம் ஒஃபிஸ் நிரூபிக்கத் தேவையில்லை. அதை நம்பலாம் என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. தன்வீர் அகமது என்ற 2002 தீர்ப்பு வகுத்த விதி இது. ஆகவே தாளைவிட, அது வந்த வழிதான் முக்கியம்.

பிடியாணை என்றால்: எந்த நீதவான் நீதிமன்றம், வழக்கு எண் என்ன, சான்றளித்த பிரதியை எந்தச் சட்டத்தரணி எந்த நாளில் எடுத்தார், யார் அனுப்பினார், கூரியர் உறை எங்கே. சட்டத்தரணியின் கடிதத்தில் அவருடைய பதிவு விவரமும், தாமே நீதிமன்றக் கோப்பைப் பார்த்ததாக ஒரு வரியும் இருக்க வேண்டும். 2014-இல் பீஜே என்ற இலங்கை வழக்கில், சட்டத்தரணிகள் நேரடியாக நீதிமன்றத்திலிருந்து எடுத்த பிரதிகளைச் சரியான காரணமின்றி ஒதுக்கியது பிழை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

கிராம சேவகர், பங்குத்தந்தை, முன்னாள் மக்கள் பிரதிநிதி கொடுக்கும் பொதுக்கடிதங்களுக்கு எடை மிகக் குறைவு. எழுதியவர் தாம் கண்டதையும், கேள்விப்பட்டதையும் பிரித்து எழுதியிருந்தால் மட்டும் கொஞ்சம் உதவும். ஐந்து கடிதங்களும் ஒரே சொல்லில், ஒரே எழுத்துப்பிழையோடு வந்தால் ஐந்தும் போய்விடும்.

8. நாட்டு வழிகாட்டித் தீர்ப்பு: நீங்கள் எந்தப் பிரிவில்?

இலங்கைக்கு 2013-இன் ஜீஜே, 2021-இன் கேகே, ஆர்எஸ் ஆகியவை வழிகாட்டித் தீர்ப்புகள். வலுவான ஆதாரம் இல்லாமல் நீதிபதி இவற்றிலிருந்து விலக முடியாது. ஆகவே "இலங்கையில் தமிழர்களுக்குப் பாதுகாப்பில்லை" என்று வாதிடுவதில் பயனில்லை. இனம் மட்டும் போதாது என்பதே இந்தத் தீர்ப்புகளின் நிலைப்பாடு. நீங்கள் குறிப்பிட்ட ஒரு பிரிவில் அடங்குவதைக் காட்ட வேண்டும்.

விமான நிலையக் கணினியில் உள்ள தடுப்புப் பட்டியலில் பெயர் இருப்பவர்: பிடியாணையோ நீதிமன்ற ஆணையோ நிலுவையில் உள்ளவர். இவர் கட்டுநாயக்கவிலேயே பிடிபடுவார். கண்காணிப்புப் பட்டியலில் இருப்பவர்: இவர்களில் சிலர் ஊருக்குப் போனபின் பிடிபடும் அளவுக்குத் தேடப்படுபவர்கள், மற்றவர்கள் கண்காணிக்கப்பட மட்டும் செய்வார்கள். இந்தப் பட்டியலில் இருப்பவர், தேடப்படும் வகையில் தாம் இருப்பதைக் காட்டினால்தான் வெற்றி. அரசை விமர்சித்த பத்திரிகையாளர், மனித உரிமைச் செயற்பாட்டாளருக்குத் தனிப் பிரிவு உண்டு.

பெரும்பாலான வழக்குகள் நிற்பது, பிரிவினைவாதத்தில் "குறிப்பிடத்தக்க பங்கு" உள்ளவர், அல்லது உள்ளதாகக் கருதப்படுபவர் என்ற பிரிவில். அதற்குப் பதவியோ பிரபலமோ தேவையில்லை என்று 2021 தீர்ப்பு தெளிவுபடுத்தியது. நீதிபதி பார்ப்பவை: எந்த அமைப்பு, என்ன வகைச் செயற்பாடு, எவ்வளவு, எத்தனை காலம், இலங்கையில் முந்தைய வரலாறு, குடும்பத் தொடர்பு. வாதத்தை இந்த ஆறு தலைப்பிலேயே எழுதுங்கள். நீதிபதி அப்படித்தான் எழுதப் போகிறார்.

9. இங்கே செய்த செயற்பாடுகளுக்கான ஆதாரம்

ஊர்வலத்தில் கொடி பிடித்த 60 படங்களைச் சேர்ப்பது வழக்கம். ஊர்வலத்தில் கலந்துகொண்டது மட்டும் போதாது என்று ஜீஜே தீர்ப்பே சொல்கிறது. 60 படத்துக்குப் பதில், தெரிந்தெடுத்த 10 படம் போதும். ஒவ்வொன்றின் கீழும் திகதி, இடம், நீங்கள் அங்கே செய்த வேலை.

அமைப்பின் கடிதம் கொடுப்பவர் சாட்சியாகவும் வர வேண்டும். வராத கடிதத்தை யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, எடையும் அதற்கேற்பக் குறையும். நாடு கடந்த தமிழீழ அரசாங்கம் போன்ற, இலங்கையில் தடை செய்யப்பட்ட அமைப்பு என்றால் தடையின் ஆதாரத்தையும் சேர்த்து வையுங்கள்.

பேஸ்புக் பதிவுகளை ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஒட்டாதீர்கள். 2022-இன் எக்ஸ்எக்ஸ் என்ற ஈரான் தீர்ப்பு, கணக்கின் முழுத் தரவுப் பதிவிறக்கம் இல்லாத துண்டுப் பிரதிகளுக்கு மிகக் குறைந்த எடையே உண்டு என்றது. முழுப் பதிவிறக்கத்தைக் கொடுங்கள்.

"அசைலத்துக்காகத்தான் ஊர்வலம் போகிறார்" என்று அவர்கள் சொல்வார்கள். நோக்கம் எதுவாக இருந்தாலும் ஆபத்து உண்மையானால் பாதுகாப்பு மறுக்கப்படாது. கருத்து உண்மையானது என்றால் இன்னொரு வழியும் திறக்கிறது: திரும்பியபின் பயத்தால் அந்தக் கருத்தை மறைத்து வாழ வேண்டியிருக்கும் என்றால், மறைத்தால் பாதுகாப்பு என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. 2010-இன் எச்ஜே என்ற ஈரான் வழக்கின் கொள்கை, 2012-இல் ஆர்டி என்ற சிம்பாப்வே வழக்கில் அரசியல் கருத்துக்கும் விரிந்தது. எனவே வாக்குமூலத்தில் ஒரு கேள்விக்குக் கட்டாயம் பதில் இருக்க வேண்டும்: திரும்பினால் இந்தச் செயற்பாட்டைத் தொடர்வீர்களா, இல்லையென்றால் ஏன்?

10. இயக்கத்தில் இருந்தவர்கள்

புலிகள் இயக்கம் பிரித்தானியாவில் 2001 முதல் தடையில் உள்ளது. போர்க்குற்றத்தில் பங்கு இருந்தால் அகதி அந்தஸ்தே மறுக்கப்படும். ஆனால் உறுப்பினராக இருந்தது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் ஜேஎஸ் என்ற இலங்கை வழக்கில் தீர்த்தது. குற்றச் செயலுக்குத் தெரிந்தே கணிசமாகப் பங்களித்தாரா என்று பார்க்க வேண்டும்.

பயந்து பங்கைக் குறைத்துச் சொல்வதும், வழக்கை வலுவாக்க என்று கூட்டிச் சொல்வதும் ஒரே அளவு ஆபத்து. எந்தப் பிரிவு, எந்த ஆண்டு, யாரின் கீழ், என்ன வேலை என்று உள்ளபடி எழுதுங்கள். இந்தப் பிரச்சினை உள்ளவர்கள் அனுபவமுள்ள சொலிசிட்டர் இல்லாமல் விசாரணைக்குப் போகவே கூடாது.

11. விசாரணைக்கு முன் எழுத்தில் முடியும் வேலை

மேன்முறையீடு பதிவானபின் ஹோம் ஒஃபிஸ் தன் கோப்பை ஏற்றும். பிறகு உங்கள் தரப்பு ஆதாரக் கோப்பையும், சுருக்க வாதத்தையும் கொடுக்க வேண்டும். அதைப் படித்து ஹோம் ஒஃபிஸ் மறுபரிசீலனை எழுதும். இந்தக் கட்டத்திலேயே அவர்கள் முடிவை மீளப்பெறுவதும் உண்டு. ஆகவே "விசாரணை நாளில் காட்டலாம்" என்று நல்ல ஆதாரத்தை ஒளித்து வைப்பது தவறு.

சுருக்க வாதத்தில் பிரச்சினைகளைப் பட்டியலிடுங்கள்: எவை ஏற்கப்பட்டவை, எவை இன்னும் தீர்க்க வேண்டியவை. 2023-இன் லதா தீர்ப்புக்குப் பிறகு இது இன்னும் கண்டிப்பானது. முக்கியப் பிரச்சினை என்று நீங்கள் இங்கே சொல்லாத ஒன்றை நீதிபதி பார்க்கவில்லை என்று பிறகு மேலே போய்க் குறை சொல்ல முடியாது.

12. விசாரணை நாள்

வாக்குமூலமே உங்கள் முதன்மைச் சாட்சியம். அதை உறுதிப்படுத்தியதும் நேராகக் குறுக்கு விசாரணைதான். ஹோம் ஒஃபிஸ் பிரதிநிதி கேட்பார், பிறகு உங்கள் பரிஸ்டர் (உங்களுக்காக வாதாடும் சட்டத்தரணி) தெளிவுபடுத்தச் சில கேள்வி கேட்பார். கடைசியில் முதலில் ஹோம் ஒஃபிஸ் தரப்பு வாதம், பிறகு உங்கள் தரப்பு வாதம். தீர்ப்பு பெரும்பாலும் அன்று வராது, பிறகு எழுத்தில் வரும்.

மொழிபெயர்ப்பாளர் இலங்கைத் தமிழ் புரிந்தவராக வேண்டும் என்று முன்பே எழுதிக் கேளுங்கள். விசாரணை தொடங்குமுன் இருவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்கிறீர்களா என்று நீதிபதி சோதிப்பார். விளங்கவில்லையென்றால் அந்த நிமிடமே சொல்லுங்கள். தோற்ற பிறகு சொன்னால் கேட்க மாட்டார்கள். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தவர்கள் பாதிக் கேள்வி விளங்கியதும் பதில் சொல்லத் தொடங்குகிறார்கள். மொழிபெயர்ப்பு முடியும்வரை காத்திருங்கள்.

கேட்டதற்கு மட்டும் பதில். விளங்கவில்லையென்றால் மறுபடி கேட்கச் சொல்லலாம். தெரியாது என்றால் தெரியாது. பலவீனமான நிலையில் உள்ளவருக்கு இடைவேளை, எளிய கேள்விகள், குறிப்பிட்ட பாலினத்தவர் மட்டும் உள்ள அமர்வு போன்ற ஏற்பாடுகளை நீதிபதி செய்ய முடியும். ஆனால் ஆதாரத்தோடு முன்பே கேட்க வேண்டும்.

13. தோற்றால் அடுத்த படி

மேல் தீர்ப்பாயத்துக்குப் போக முதலில் அனுமதி வேண்டும். அதே முதல்நிலைத் தீர்ப்பாயத்திடம், தீர்ப்பு அனுப்பப்பட்டு 14 நாளுக்குள் கேளுங்கள். மறுத்தால் நேராக மேல் தீர்ப்பாயத்திடம் மீண்டும் 14 நாளுக்குள்.

"நீதிபதி என்னை நம்பவில்லை, ஆனால் நான் உண்மையைச் சொன்னேன்" என்பது காரணமாகாது. சட்டப் பிழை வேண்டும்: முக்கிய ஆதாரத்தைப் பார்க்காமல் விட்டது, காரணம் சொல்லாமல் முடிவு கட்டியது, தவறான அளவுகோலைப் போட்டது, நாட்டு வழிகாட்டித் தீர்ப்பைக் காரணமின்றி ஒதுக்கியது, மருத்துவ அறிக்கையைக் கடைசியில் பார்த்தது. ஒவ்வொன்றையும் தீர்ப்பின் பந்தி எண்ணோடு, மூன்று நான்கு வலுவான காரணங்களாக எழுதுங்கள். பதினைந்து காரணம் எழுதினால் நல்லது இரண்டும் அதில் புதைந்துவிடும்.

பிழை உண்டு என்று மேல் தீர்ப்பாயம் கண்டால் தீர்ப்பை ஒதுக்கி, தானே புதிதாகத் தீர்க்கும் அல்லது கீழே திருப்பி அனுப்பும். அனுமதியே மறுத்துவிட்டால், 2022-ஆம் ஆண்டு நீதிமன்ற மீளாய்வு, நீதிமன்றங்கள் சட்டத்துக்குப் பிறகு நீதிமன்ற மீளாய்வுக்கான வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

எல்லாம் முடிந்த பிறகும் புதிய ஆதாரம் கிடைத்தால் ஹோம் ஒஃபிஸிடம் மேலதிகச் சமர்ப்பிப்பு செய்யலாம். முன்பு பார்த்ததிலிருந்து கணிசமாக வேறுபட்டிருக்க வேண்டும், வெல்ல மெய்யான வாய்ப்பும் இருக்க வேண்டும். அது மீண்டும் மேன்முறையீடாக வந்தால், 2002-இன் தேவசீலன் தீர்ப்பின்படி இரண்டாவது நீதிபதிக்கு முதல் தீர்ப்புத்தான் தொடக்கப்புள்ளி. ஆகவே புதிய பிடியாணை வந்தால், அது ஏன் முதல் விசாரணையின்போது கையில் இருக்கவில்லை என்பதற்கான விளக்கத்தையும், சட்டத்தரணி அதைத் தேடத் தொடங்கிய நாளைக் காட்டும் மின்னஞ்சல்களையும் அதனோடு இணைத்தே அனுப்புங்கள்.